கடலுக்குப் போன பிள்ளைகள்



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு டின் மீன் என்றால் அது சார்டின்தான். சம்பளத்துக்கு முந்தின வாரத்தில் அந்தச் சிவப்புக் குழம்பு எத்தனை வீட்டின் மானத்தைக் காப்பாற்றியது என்பது நமக்குத் தெரியும். இன்று பேரங்காடிக்குப் போனால், ஐஸ் கட்டிகளின் மேல் ஆரஞ்சு நிறத்தில் வேறொரு மீன் துண்டு துண்டாகக் கிடக்கிறது. விலையைப் பார்த்ததும் நம் கை தானாகப் பின்வாங்குகிறது. பேரப்பிள்ளைகள் மட்டும் அதன் பெயரைத் தவறாமல் சொல்கிறார்கள்: சால்மன்.

நம் ஊருக்கு வரும் சால்மன் பெரும்பாலும் பண்ணைக் கூண்டுகளில் தீனி போட்டு வளர்க்கப்பட்டது. நான் சொல்லப்போவது கூண்டில் அடைபடாத அதன் உறவினரைப் பற்றி. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, மறுபடியும் பிறந்த ஆற்றுக்கே வந்து முட்டையிட்டுச் சாகும் மீன் அது. நீரோட்டத்தை எதிர்த்து அது தாவி வருவதையும், கரடி வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பதையும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். திரும்பி வரும் மீனின் கதை அது. திரும்பி வராத மீன்கள்தாம் அதிகம். அவற்றுக்கு என்ன நேர்ந்தது?

கனடாவின் மேற்குக் கோடியில் பிரேசர் என்றோர் ஆறு. சுமார் 1,370 கிலோமீட்டர் ஓடி, வான்கூவர் நகரத்தருகே பசிபிக் கடலில் கலக்கிறது. அங்கே சாக்கை என்னும் சால்மன் வகை வாழ்கிறது. தாய்மீன் கூழாங்கற்களுக்கிடையே வாலால் பள்ளம் பறித்து மூவாயிரம், நாலாயிரம் முட்டைகள் இடும். பொரித்த குஞ்சுகள் பெரும்பாலும் ஓராண்டு ஏரியில் வளரும். அடுத்த வசந்தத்தில், நம் விரல் நீளம்கூட முழுதாக எட்டாத அந்தக் குஞ்சுகள் கடலை நோக்கிப் புறப்படும். அப்போது அவற்றின் உடம்பே மாறிவிடுகிறது. மேனி வெள்ளி போல் மின்னும். உப்பை வெளியே தள்ளச் செவுள்கள் கற்றுக்கொள்ளும். கடலில் நம் ஊர்க் கூனி போன்ற சிற்றுயிர்களைத் தின்று வளரும். அதன் சதையின் சிவப்பே அந்தத் தீனி தந்த சாயந்தான். இரண்டாண்டு கழித்து, நாலு வயதில், அது தன் ஆற்றுக்குத் திரும்பும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தாயின் நாலாயிரம் முட்டைகளில் இரண்டே இரண்டு பெரிய மீன்கள் திரும்பி வந்து முட்டையிட்டால் போதும், இனம் குறையாமல் நிற்கும். மற்றவை வழியில் சாவது இயற்கை வகுத்த கணக்கு. ஆனால் அந்த இரண்டு ஒன்றாகக் குறைந்தால்?

இதை அறியத்தான் விஞ்ஞானிகள் தலை எண்ணுகிறார்கள். அந்தக் காலத்துத் தோட்டத்துப் பெரட்டு போலத்தான். ஏரியை விட்டுப் போகும் குஞ்சுகளை எண்ணுகிறார்கள். திரும்பி வரும் மீன்களையும் எண்ணுகிறார்கள். நடுவில் கடலில் கழிந்த இரண்டாண்டுகள்தாம் இருட்டு. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இருந்து, நடுப்பக்கங்கள் கிழிந்துபோன செக்ரோல் புத்தகம் அது.

2009ஆம் ஆண்டு அந்த இருட்டு எல்லாரையும் ஏமாற்றியது. தாய்மீன்களின் எண்ணிக்கையை வைத்து, அவ்வாண்டு சுமார் 1 கோடியே 5 லட்சம் சாக்கை மீன்கள் பிரேசருக்கு வரும் என்று அரசாங்கம் எதிர்பார்த்தது. வந்தவையோ சுமார் 15 லட்சம். மீனவர்கள் வலையைச் சுருட்டி வைத்தார்கள். ஆற்றங்கரைப் பூர்வகுடி மக்களுக்கு அது அதைவிடப் பெரிய அடி. நாம் கருவாடு போடுவது போல, அவர்கள் இந்த மீனைக் காற்றில் உலர்த்தியும் புகையில் வைத்தும் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைப்பவர்கள்.

பழி சுமத்தவும் ஆள் குறையவில்லை. மீன் பண்ணைகளிலிருந்து நோய் பரவியது என்றார் ஒருவர். கடல்நாய் தின்றது என்றார் மற்றொருவர். அளவுக்கு மீறிப் பிடித்தார்கள் என்றார் இன்னொருவர். அந்த ஆண்டு நவம்பரிலேயே நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது.

கமிஷன் வேலையைத் தொடங்கியதும் 2010இல் நடந்தது என்ன தெரியுமா? அதே ஆற்றுக்குச் சுமார் 2 கோடியே 80 லட்சம் மீன்கள் வந்து குவிந்தன! அதற்கு முந்திய பல பத்தாண்டுகளில் அப்படியொரு வரவு இல்லை. காரணம் கண்டுபிடிக்க வந்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

2012 அக்டோபரில் மூன்று பாகங்களாக அறிக்கை வந்தது. அதில் 75 பரிந்துரைகள் இருந்தன. குற்றவாளி என்று ஒருவரை மட்டும் அது காட்டவில்லை. ஆனால் கமிஷனுக்காக ஆராய்ந்த நிபுணர்கள் ஓரிடத்தைச் சுட்டினார்கள். 2009இல் வந்திருக்க வேண்டிய மீன்கள், குஞ்சுகளாகக் கடலில் இறங்கியது 2007 வசந்தத்தில். அந்த ஆண்டு கரையோரக் கடலின் நிலைமை அவற்றுக்குச் சாதகமாக இல்லை. அதாவது, 2009இல் காணாமற்போன மீன்களில் பெரும்பாலானவை இரண்டாண்டுக்கு முன்பே, கரைக்குப் பக்கத்திலேயே செத்திருக்கலாம். எவருக்கும் தெரியவில்லை.

இங்கே என் வீட்டுக் கதையொன்று நினைவுக்கு வருகிறது. என் அண்ணன் பட்டணத்து வேலைக்குப் புறப்பட்ட காலையில், அம்மா ஒரு பிஸ்கட் டின் நிறைய முறுக்கும் பொரிவிளங்காய் உருண்டையும் கட்டிக் கொடுத்தார். "முதல் மூணு மாசம் தாக்குப் பிடிச்சிட்டான்னா அப்புறம் பிழைச்சிக்குவான்" என்று அப்பாவிடம் சொன்னார். அம்மா பள்ளிக்கூடம் போனவரல்லர்.

கனடா நாட்டு மீன் ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் பீமிஷ், தம் சகா ஒருவரோடு சேர்ந்து 2001இல் எழுதிய கருத்தும் ஏறக்குறைய இதுவே. கடலில் சால்மனுக்கு இரண்டு கண்டங்கள் உண்டு என்றார்கள். முதலாவது, கடலில் இறங்கிய முதல் வாரங்கள். சின்னக் குஞ்சைப் பறவையும் பெரிய மீனும் கடல்நாயும் தின்றுவிடும். இரண்டாவது, முதல் குளிர்காலம். கோடை முடிவதற்குள் போதிய அளவு வளர்ந்து கொழுப்புச் சேர்க்காத குஞ்சு, தீனி அருகிய குளிரைத் தாண்டுவதில்லை. ஆக, பெரிய மீனாவதா சாவதா என்பது பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

அந்த மாதங்களின் தீனியோ கடலின் மனநிலையைப் பொறுத்தது. 2013 கடைசியில் தொடங்கி 2016 வரை வட பசிபிக்கில் பெரும் பரப்பு வழக்கத்தைவிட அதிகமாகச் சூடேறிக் கிடந்தது. சூடான நீரில் கொழுப்பு நிறைந்த சிற்றுயிர்கள் குறைந்து, மெலிந்தவை பெருகும். வயிறு நிறையும், சத்து ஏறாது. வெறும் கஞ்சித் தண்ணீர் குடித்து மரம் வெட்டப் போவது போல. அதுமட்டுமா? வட பசிபிக்கைச் சுற்றியுள்ள நாடுகள் பொரிப்பகங்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 500 கோடிக் குஞ்சுகளை விடுகின்றன. ஒரே பந்தியில் அத்தனை வாய்கள். கடல் பெரிதுதான், ஆனால் அதன் சோற்றுப் பானைக்கும் அடி உண்டு.

பானையை நாமே நிரப்பினால் என்ன என்று நினைத்த கிராமமும் உண்டு. 2008 ஆகஸ்டில் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் கசடோச்சி எரிமலை வெடித்தது. அதன் சாம்பலிலிருந்த இரும்புச் சத்து கடலில் விழுந்ததும் நுண்பாசிகள் செழித்து வளர்ந்தன. 2010இன் பெருவரவுக்கு அதுவே காரணம் என்று சில விஞ்ஞானிகள் எழுதினார்கள். அந்தக் குஞ்சுகள் அந்நேரம் அங்கே போய்ச் சேர்ந்தேயிராது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். ஹைடா குவாய் தீவுகளிலுள்ள ஓல்ட் மாசெட் என்ற பூர்வகுடிக் கிராமம் அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டது. கிராமத்துப் பணம் சுமார் 25 லட்சம் டாலர் செலவில், 2012இல் ஏறக்குறைய 100 டன் இரும்புத் தூள் கடலில் கொட்டப்பட்டது. பாசி வளர்ந்தது. உலகெங்கும் கண்டனமும் எழுந்தது. அதனால்தான் மீன் பெருகியது என்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்ளும்படி யாராலும் நிரூபிக்க முடியவில்லை. அந்த மக்களை நான் குறை சொல்லமாட்டேன். மீன் வராத ஆற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எளிதல்ல.

கிழிந்த பக்கங்களைத் தேடும் வேலையும் நடந்தது. 2019 பிப்ரவரி, மார்ச்சில், பீமிஷின் முயற்சியால் ஐந்து நாட்டு விஞ்ஞானிகள் 21 பேர் ஒரு ரஷ்யக் கப்பலில் அலாஸ்கா வளைகுடாவுக்குப் போனார்கள். குளிர்காலக் கொந்தளிப்பில், ஏறக்குறைய ஒரு மாதம், இடம் மாற்றி இடம் வலை போட்டார்கள். அகப்பட்டவை நானூற்றுச் சொச்சம் சால்மன்கள். ஆனால் குளிர்காலக் கடலில் எந்த வகை எங்கே இருக்கிறது, வயிற்றில் என்ன இருக்கிறது, உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று நேரில் பார்க்க முடிந்தது. புத்தகத்தின் ஒரு பக்கத்தையாவது ஒட்டிவிட்டார்கள்.

பிரேசரின் கதை முடியவில்லை. 2020இல் வந்த சாக்கை மீன்கள் 3 லட்சத்தைக்கூட எட்டவில்லை. எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து அதுவே மிகக் குறைவு. ஆற்றில் நடந்த பாறைச்சரிவு ஒன்றும் முந்திய ஆண்டில் மேலேறும் மீன்களை வழிமறித்துச் சோதித்திருந்தது. வரவு இன்றும் ஏறி இறங்கித்தான் வருகிறது.

கடலைக் குளிரவைக்க ஒரு கிராமத்தாலோ ஒரு நாட்டாலோ தனியே முடியாது. ஆனால் ஏரியும் ஆறும் முகத்துவாரமும் மனிதர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பொதுவாக, நன்றாக வளர்ந்து பெரிதாகக் கடலில் இறங்கும் குஞ்சு பிழைக்க வாய்ப்பு அதிகம். ஆற்றைச் சுத்தமாக வைப்பதும், முகத்துவாரத்துப் புல்வெளிகளைக் காப்பதும், கெட்ட ஆண்டுகளில் வலையை மடித்து வைப்பதும் பயனற்ற வேலைகள் அல்ல. புறப்படும் பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுப்பது போன்ற வேலைகள் அவை.

என் அண்ணன் மூன்று மாதம் கழித்து ஊருக்கு வந்தார். மெலிந்துதான் இருந்தார். அந்தப் பிஸ்கட் டின்னைத் திருப்பிக் கொண்டு வந்திருந்தார், காலியாக. அம்மா எதுவும் கேட்கவில்லை. அதைக் கழுவிக் காயவைத்துவிட்டு, மறுபடியும் முறுக்குக்கு மாவு பிசையப் போனார்.