நத்தைச் சாயமும் நியாயமும்

மெக்ஸிகோ தேசத்தின் தென்பகுதியில், பஸிபிக் கடலை ஒட்டி வஹாக்கா என்னும் மாகாணம் உள்ளது. அங்கு வாழும் மிஸ்தெக் குலத்தார் கடற்பாறையில் ஒட்டியிருக்கும் ஒருவகை நத்தையினின்று ஊதாச் சாயம் பெறுகின்றனர். நத்தையை மெல்லப் பெயர்த்தெடுத்து, அது கக்கும் பால் போன்ற நீரைப் பருத்தி நூலில் தோய்த்தபின், அதனை ஈரமான பாறை நிழலில் மீண்டும் விட்டுவிடுகிறார்கள். காற்றும் வெயிலும் பட்டு நூல் மஞ்சளாகி, பச்சையாகி, முடிவில் ஊதாவாகிறது. மறுபடி அந்நத்தையைத் தொடுவதற்கு ஒரு மாத காலம் பொறுக்கிறார்கள். பண்டைக் காலத்தில் ரோமச் சக்கரவர்த்திகளின் ஊதா அங்கிக்காகத் தீரு பட்டணத்தில் ஆயிரமாயிரம் நத்தைகளை நசுக்கிக் கொன்றதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது தகும்.

அவ்வூர்ப் பெண்கள் இடையில் உடுத்தும் ஆடையில் நத்தையின் ஊதாவும், அவுரியின் நீலமும், கள்ளியில் வாழும் பூச்சியின் சிவப்பும் கோடுகளாக ஓடுகின்றன. கடலும் செடியும் பூச்சியும் பிழைத்திருந்தாலன்றி அவ்வாடை இல்லை. இதனை மறந்த வியாபாரம் செய்யும் கேடு யாவரும் அறிந்ததே. 1980-க்குப் பிற்பட்ட வருஷங்களில் ஜப்பானிய நிறுவனமொன்று கூலியாட்களை வைத்து வரம்பின்றிச் சாயமெடுத்ததில் நத்தைகள் மாண்டன. 1988-ம் வருஷத்தில் மெக்ஸிகோ சர்க்கார் அவற்றிற்குப் பாதுகாப்பளிக்க நேர்ந்தது.

சித்திரங்களின் கதியும் இத்தகையதே. 2019-ம் வருஷத்தில், தெனாங்கோ தெ தோரியா ஊராரின் பூத்தையல் சித்திரங்களை நியூயார்க் உடையலங்கார ஸ்தாபனமொன்று கையாண்டது குறித்து, மெக்ஸிகோவின் கலாசார மந்திரி விளக்கம் கேட்டு எழுதினார். மெக்ஸிகோவின் கலைச் சிறப்புக்குத் தாம் செலுத்திய மரியாதையே அது என்றனர் ஸ்தாபனத்தார். மரியாதை செலுத்த விரும்புவோர் முதலில் உரியவரிடம் சம்மதம் கேட்பதன்றோ முறை? 2022-ம் வருஷம் ஜனவரியில் அத்தேசம் இயற்றிய சட்டம், அந்தந்தச் சமூகத்தின் சம்மதமின்றி அதன் கலைச் செல்வத்தை வியாபாரத்திற்குப் பயன்படுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

கலை கொடுத்தும் கொண்டும் வளர்வது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பதிப்புரிமைச் சட்டம் ஒருவர் பெயரையும் ஒரு கால எல்லையையும் கொண்டது. தலைமுறை தலைமுறையாகப் பலர் கூடிச் செய்ததற்கு அது துணை நிற்பதில்லை. நம் நாட்டிலும் நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாகச் செய்யும் பூத்தையல் 2013-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்றது. அது அப்பெயரைக் காக்குமேயன்றி, வேறு பெயரில் அவ்வேலைப்பாட்டைப் பின்பற்றுவோரை முற்றும் தடுக்காது.

ஆகவே நமது சட்டசபைகள் மெக்ஸிகோவின் வழியை ஆராய வேண்டும். அதுவரையில், ஆடை வகுப்போர் சம்மதம் பெற்று, செய்தோர் ஊரையும் குலத்தையும் வெளிப்படச் சொல்லி, லாபத்தில் உரிய பங்கு கொடுப்பாராக. வாங்கும் நேயர்களும் விலையை மட்டும் கேளாமல், இச்சாயம் எதனின்று வந்தது, இச்சித்திரம் யாருடையது என்று கடைக்காரரைக் கேட்பார்களாக. கேட்பார் இருந்தால் பதில் சொல்ல வேண்டிய அவசியம் வியாபாரிகளுக்குத் தானே உண்டாகும்.