சட்டக் கல்லூரி வாசல்ல கூட்டம் கூடுது, கடலூர் பிள்ளைக்கு இடம் எங்கே?



நீட் முடிவு வர்ற அன்னைக்கு மேல்பட்டாம்பாக்கம் டீக்கடையிலகூட கட்-ஆஃப் கணக்கு ஓடும். கிளாட் முடிவு வந்தா யாரும் வாய் திறக்கிறதில்லை. சட்டம் படிக்க நாடு முழுக்க ஒரு நுழைவுத் தேர்வு நடக்குது என்பதே நம்ம பக்கத்துப் பெற்றோர் பல பேருக்குத் தெரியாது. இப்படி நமக்குத் தெரியாத இடத்தில்தான் போட்டி சத்தமே இல்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது.

2025 டிசம்பர் 7 அன்று நடந்த தேர்வுக்கு வந்த விண்ணப்பங்கள் 92 ஆயிரத்துக்கும் மேல். அதில் பிளஸ் டூ முடித்து ஐந்தாண்டுப் படிப்புக்குப் போக நினைத்தவர்கள் மட்டும் சுமார் 75 ஆயிரம் பேர். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்தப் படிப்புக்கு உள்ள இடங்கள் மூவாயிரத்திலிருந்து நாலாயிரத்துக்குள் அடங்கிவிடும். அதாவது ஒரு நாற்காலிக்கு இருபது, இருபத்தைந்து பேர்.

2008-ல் கிளாட் தொடங்கியபோது அதில் இருந்தவை ஏழே பல்கலைக்கழகங்கள். இப்போது இருபத்தைந்தை ஒட்டி வந்துவிட்டது. "இடமும் கூடியிருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் கண் வைப்பது பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா மாதிரி பழைய இடங்கள் மேல். புதிதாக வரும் பல்கலைக்கழகங்கள் அந்த நெரிசலைக் குறைப்பதில்லை.

கூட்டம் கூடினால் எல்லோருக்கும் ஒரே மாதிரி அடி விழுமா? விழாது. இதைத்தான் நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

தேர்வு 120 மதிப்பெண்ணுக்கு. தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். 75 ஆயிரம் பேரை 120 மதிப்பெண்ணில் சமமாகப் பரப்பிப் பாருங்கள், ஒரு மதிப்பெண்ணுக்கு அறுநூறு பேருக்கு மேல் வருவார்கள். உண்மையில் சமமாகப் பரவ மாட்டார்கள். உச்சியில் ஆள் குறைவு, நடுவில்தான் நெருக்கம். 100-க்கு மேல் எடுக்கும் பிள்ளைக்கு ஒரு கேள்வி தப்பினால் சில இடங்கள் இறங்கும். நடுவில் நிற்கும் பிள்ளைக்கு அதே ஒரு கேள்வி பல நூறு பேரைத் தாண்டிப் பின்னால் தள்ளிவிடும். ஒரே மதிப்பெண்ணில் பலர் நின்றால் முதலில் சட்டப் பகுதி மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அப்புறம் வயது, அதிலும் சமம் என்றால் கணினிக் குலுக்கல். ஆமாம், குலுக்கல்!

அந்த நடுவில் யார் நிற்கிறார்கள்? ப்ளஸ் ஒன்னிலிருந்தே கோச்சிங் போன பெருநகரப் பிள்ளை மேலே போய்விடுகிறான். புத்திசாலித்தனத்தை மட்டும் நம்பி, பழைய கேள்வித்தாளை செல்போனில் பார்த்துப் படித்த முதல் தலைமுறைப் பிள்ளைதான் நடுவில் மாட்டிக்கொள்கிறது. எழுதுகிறவர் தொகை ஏற ஏற, அதே உழைப்புக்கு அதே மதிப்பெண் எடுத்தாலும் போன வருஷத்து ரேங்க் இந்த வருஷம் கிடைக்காது. குறை பிள்ளையிடம் இல்லை. வரிசை நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அகில இந்திய ரேங்கைப் பார்த்துவிட்டே பயந்து ஒதுங்காதீர்கள். இடங்கள் பிரிவுவாரியாக நிரப்பப்படுகின்றன. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் நம் மாநிலப் பிள்ளைகளுக்கென ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே போட்டி அந்த 75 ஆயிரம் பேரோடு இல்லை, தமிழ்நாட்டிலிருந்து எழுதியவர்களோடு மட்டும்தான். 2013-ல் வகுப்புகள் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையே கேள்விப்படாத பிளஸ் டூ மாணவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! தலைமையாசிரியர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், புரியும்.

சரி, தேர்வை எழுதப் போனால்?

முதல் சுவர் மொழி. நீட் 13 மொழிகளில் நடக்கிறது, தமிழும் உண்டு. கிளாட் ஆங்கிலத்தில் மட்டும். சுமார் 450 சொல் கொண்ட பத்திகளைப் படித்துப் படித்து இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விக்கு விடை எழுத வேண்டும். கணக்குப் பகுதிகூட அப்படித்தான். சட்ட அறிவைச் சோதிக்கிறோம் என்கிறார்கள், சோதிப்பது ஆங்கிலம் படிக்கும் வேகத்தை. வட்டார மொழிகளிலும் நடத்தக் கோரி 2023-ல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போனது. இந்திய பார் கவுன்சிலே அதற்கு ஆதரவு சொன்னது. அதற்கப்புறமும் தேர்வு ஆங்கிலத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது.

"வகுப்பே ஆங்கிலத்தில்தானே, தமிழில் தேர்வு எழுதி என்ன பண்ணுவான்?" என்று ஒரு வாதம் வரும். மருத்துவ வகுப்பும் ஆங்கிலத்தில்தான். தமிழில் நீட் எழுதின பிள்ளைகள் டாக்டர் ஆகவில்லையா? ஐந்து வருஷத்தில் ஆங்கிலம் கற்றுக்கொள்ளலாம். வாசலிலேயே நிறுத்திவிட்டால் எப்போது கற்றுக்கொள்வது? அதோடு, நம் மாவட்ட நீதிமன்றங்களில் சாட்சி சொல்கிற விவசாயியும், வாதாடுகிற வக்கீலும் பேசுவது தமிழ்தானே.

இரண்டாவது சுவர் நாள். முன்பெல்லாம் கோடையில் நடந்த தேர்வு, 2022-லிருந்து டிசம்பருக்கு வந்துவிட்டது. பிளஸ் டூ பிள்ளைக்கு அது அரையாண்டுத் தேர்வு நேரம். பொதுத்தேர்வு முடித்துவிட்டு நிதானமாக யோசிக்கிற வழக்கம் உள்ள நம் வீடுகளில், ஏப்ரல் மாசம் "சட்டம் படிக்கலாமா" என்று பேச்சு எடுக்கும்போது கிளாட் கதவு சாத்தி மாசக்கணக்கு ஆகியிருக்கும்.

மூன்றாவது, பணம். பொதுப் பிரிவுக்கு விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 3,500. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற அம்மாவுக்கு அது எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போடுங்கள். விண்ணப்பத்துக்கே இது. உள்ளே போனால் பல தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று லட்சம்.

அமெரிக்காவிலும் இப்போது இதே பேச்சுதான். 2025 சேர்க்கைக்கு அங்கே சட்டக் கல்லூரி விண்ணப்பதாரர்கள் முந்தைய ஆண்டைவிட சுமார் 18 சதவீதம் கூடினார்கள். ஆனால் அங்கே அலை ஏறும், இறங்கும். 2010-ல் 80 ஆயிரத்தைத் தாண்டியிருந்த கூட்டம் ஐந்தே வருஷத்தில் 55 ஆயிரம் அளவுக்கு விழுந்தது, கல்லூரிகளே ஆள் தேடின. இங்கே அப்படி ஒரு வருஷம் வரும் என்று காத்திருக்க முடியாது.

அடுத்து நம் சொந்த வாசலுக்கு வருவோம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண். கட்டணமும் நம்மால் கட்டக்கூடியது. 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. 2021-ல் வந்த சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் சட்டப் படிப்பிலும் உண்டு, அவர்களது கட்டணத்தை அரசே ஏற்கிறது. மெடிக்கல், இன்ஜினியரிங் 7.5 பற்றித் தெரிந்த அளவுக்கு லா காலேஜ் 7.5 பற்றி நம் ஆட்களுக்கே தெரியவில்லை. இதை ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது நம் பொறுப்பு.

ஆனால் இங்கேயும் வரிசை நீள்கிறது. மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிற முறையில் விண்ணப்பம் கூடினால் கட்-ஆஃப் தானாக மேலே போகும். அதற்கு மருந்து இடங்களைக் கூட்டுவது. 2017-ல் விழுப்புரம், தருமபுரி, ராமநாதபுரம், 2019-ல் சேலம், நாமக்கல், தேனி, 2022-ல் காரைக்குடி என்று அரசு சட்டக் கல்லூரிகள் வந்தன. நல்லது, வரவேற்றோம். கடலூர் மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை.

மேல்பட்டாம்பாக்கத்துப் பிள்ளை ரயிலோ பஸ்ஸோ ஏறி விழுப்புரம் போய்விடலாம், ஒத்துக்கொள்கிறோம். காட்டுமன்னார்கோவில் பக்கத்துப் பிள்ளை? திட்டக்குடிப் பிள்ளை? புதுச்சேரி காலாப்பட்டில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, ஆனால் அது வேறு நிர்வாகம், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் முதல் உரிமை. பொம்பளைப் பிள்ளையை வெளியூர் விடுதியில் விட யோசிக்கிற வீடுகளில், கல்லூரி எத்தனை கிலோமீட்டர் என்பதே படிப்பா கல்யாணமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்த நேரத்தில் 2025 ஆகஸ்டில் இந்திய பார் கவுன்சில் புதிய சட்டக் கல்லூரிகளுக்கு மூன்றாண்டுத் தடை போட்டிருக்கிறது. ஏற்கெனவே உள்ள கல்லூரிகள் கூடுதல் வகுப்புப் பிரிவு தொடங்கவும் அனுமதி வாங்க வேண்டும். காரணம், தெருவுக்குத் தெரு முளைத்த தரமில்லாத தனியார் கல்லூரிகள். அந்தக் காரணத்தை நாம் மறுக்கவில்லை. டிகிரி விற்கிற கடைகளை மூடட்டும். ஆனால் கடைக்காரன் செய்த தப்புக்கு அரசுக் கல்லூரி கேட்கிற மாவட்டத்தைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? பின்தங்கிய சமூகத்தினருக்காகவும் தொலைதூரப் பகுதிகளுக்காகவும் அந்தத் தடையில் சில விலக்குகள் வைத்திருக்கிறார்கள். மாநில அரசு அதைப் பிடித்துக்கொண்டு இப்போதே கடலூருக்காக விண்ணப்பிக்க வேண்டும். மூன்று வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்றால், இன்றைக்கு ஒன்பதாவது படிக்கிற பிள்ளை பிளஸ் டூ முடித்திருக்கும்.

"ஏற்கெனவே வக்கீல் ஜாஸ்தி, இன்னும் எதுக்கு?" என்று நம் தோழர்களே சிலர் கேட்கிறார்கள். சென்னை உயர்நீதிமன்ற வாசலில் நின்று பார்த்தால் ஜாஸ்திதான். 1993-ல் நம் மாவட்டத்து முதனை கிராமத்தில் ராஜாக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு போய் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்தே கொன்றார்களே, அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு எத்தனை வக்கீல் இருந்தார்கள்? சென்னையில் இருந்த சந்துரு வரைக்கும் போக வேண்டியிருந்தது. 'ஜெய்பீம்' பார்த்துக் கண் கலங்கினோம், கைதட்டினோம். அந்தப் படம் பார்த்து வக்கீல் ஆக ஆசைப்பட்ட பிள்ளைகளும் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள்.

நாம் கேட்பது: கிளாட் தமிழிலும் வேண்டும். அரசுப் பள்ளி மாணவருக்கு விண்ணப்பக் கட்டணம் ரத்தாக வேண்டும். அரசு மாதிரிப் பள்ளிகளில் தருகிற கிளாட் பயிற்சி சாதாரண அரசு மேல்நிலைப் பள்ளிக்கும் வர வேண்டும். ஏழைப் பிள்ளைகளை இந்தத் தேர்வுக்குத் தயார் செய்ய 2010-ல் ஷம்நாத் பஷீர் தொடங்கிய ஐடியா அமைப்பு, மாணவர்களை வைத்தே நாடு முழுக்க இதைச் செய்து காட்டியிருக்கிறது. தன்னார்வலர்களால் முடிந்தது அரசால் முடியாதா? கடலூர் மாவட்டத்துக்கு ஓர் அரசு சட்டக் கல்லூரி வேண்டும்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. கிளாட் விண்ணப்பம் வழக்கமாக ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர், நவம்பரில் முடிந்துவிடும். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழக விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி வரும். உங்கள் ஊரில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு இந்த இரண்டு தகவலோடு, லா காலேஜிலும் 7.5 உண்டு என்பதையும் எடுத்துக்கொண்டு ஜூலைக்குள் ஒரு நடை போய்வாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று மூன்றையும் முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் இ-சேவை மையத்தில் நிற்கிற வரிசையும் சின்னதில்லை.

#கடலூருக்கு_அரசு_சட்டக்கல்லூரி
#தமிழில்_கிளாட்