டயரை மாத்தும் முன்னால டேப்பை எடு!



மலருக்கு ஏதாவது எழுதித் தாடா என்று சங்கச் செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினேன். கவிதை எனக்கு வராது. காதலைப் பற்றி எழுத நம்ம வகுப்பிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். எனவே நான் டயரைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

என் தாய்மாமா கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு பொலிரோ ஓட்டுகிறார். கோமுகி அணையைத் தாண்டினால் ஏற்றம், அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் கல்வராயன் மலையின் உள் ஊர்களுக்குப் பிரியும் பாதைகள் சேறாகிவிடும். போன வருஷம் நாலு டயரும் வழுக்கையாகிவிட்டதால் மாற்றப் போனார். கடையில், "இதே ரிம்முக்கு இன்னும் அகலமா ஒண்ணு இருக்குண்ணே, மலைக்குச் சூப்பரா இருக்கும், பார்க்கவும் கெத்து" என்று சொல்லியிருக்கிறார்கள். மாமா என்னைப் பார்த்து, "என்ன மாப்ள, நீதான் டிப்ளமோ படிக்கிறியே, போடலாமா?" என்றார். நானும் பெரிய இன்ஜினியர் மாதிரி தலையை ஆட்டினேன். "போடுங்க மாமா, கிரிப் நல்லா இருக்கும்."

அந்தத் தலையாட்டலுக்குத்தான் இந்தக் கட்டுரை.

வண்டியில் வந்த அளவு 215/75 ஆர் 15. போட்டது 235/75 ஆர் 15. பத்தாம் வகுப்புக் கணக்குதான், கூடவே போட்டுப் பாருங்கள். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 'ஆர்' என்றால் ரேடியல். கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 15 அங்குலம் என்பது 381 மி.மீ.

பழைய டயர்: 215-இல் 75 சதவீதம் 161.25. மேலும் கீழும் சேர்த்து 322.5. ரிம்மோடு கூட்டினால் விட்டம் 703.5 மி.மீ. புதிய டயர்: இதே வழியில் 733.5 மி.மீ. விட்டத்தில் 30 மி.மீ. கூடிவிட்டது, அதாவது நாலு சதவீதத்துக்கும் மேல். மூன்று சதவீதத்தைத் தாண்டாதே என்பது டயர்த் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இதனால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 62.6-இல் ஓடும். ஏற்றத்தில் சக்கரம் இழுக்கும் விசையும் நாலு சதவீதம் குறையும். கிரிப்புக்காகப் போட்ட டயர் இழுவையைத் தின்றுவிட்டது!

இதைவிட முக்கியம் இடைவெளி. அகலம் 20 மி.மீ. கூடியதால் உள்பக்கம் 10, வெளிப்பக்கம் 10 என்று டயர் வீங்கிவிட்டது. நேர் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. மலை ஏறும்போது முழு ஸ்டியரிங் ஒடித்தால் 'கர்ர்' என்று ஒரு சத்தம். முன்டயரின் உள்தோள் சஸ்பென்ஷன் ஆர்மில் உரசியது. பின்னால் பாரம் ஏறி வண்டி வளைவில் சாயும்போது, பக்கச்சுவர் பிதுங்கி லீஃப் ஸ்பிரிங்கைத் தொட்டது. இரண்டு மாதத்தில் ஸ்பிரிங் பட்டை தேய்ந்து வெள்ளி மாதிரி பளபளத்தது. டயரின் உள்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ரப்பர் உரிந்து நூல் தெரிந்தது. பக்கச்சுவரில் பஞ்சர் ஒட்ட முடியாது. இறக்கத்தில், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது அது வெடித்திருந்தால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எனக்கு இன்றும் கை நடுங்குகிறது.

பிறகு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர், ஸ்டியரிங் ஸ்டாப்பர் போல்ட்டை நீட்டிவிடு, உரசாது என்றார். உரசாதுதான். ஆனால் வண்டி திரும்பும் வட்டம் பெரிதாகிவிடும். கொண்டை ஊசி வளைவில் ரிவர்ஸ் எடுத்து எடுத்துத் திரும்ப வேண்டும், பின்னால் பள்ளம். இன்னொருவர், வண்டியைத் தூக்கிவிடு என்றார். தூக்கினால் மட்கார்டு தப்பிக்கும், ஸ்பிரிங் தப்பிக்காது. ஏனென்றால் டயரும் ஸ்பிரிங்கும் ஒரே அச்சோடு சேர்ந்துதான் ஏறி இறங்குகின்றன. மூன்றாமவர் ஸ்பேசர் போடு என்றார். டயர் வெளியே தள்ளும், பேரிங்குக்கும் வீல் போல்ட்டுக்கும் பளு கூடும். ஒரு தப்பை மறைக்க மூன்று தப்பு!

ரிம்மை மாற்றுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். ஆஃப்செட் மாறாமல் ரிம் ஒரு அங்குலம் அகலமானால், உள்பக்கம் 12.7 மி.மீ. நெருங்கும். ஆஃப்செட் எண்ணைக் குறைத்தால் சக்கரம் வெளியே போகும், கூட்டினால் உள்ளே வரும். இதைக் கேட்காமல் அலாய் வாங்குகிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குகிறவன்.

சரி, என்னதான் செய்யணும்? பாரம் ஏற்றிய நிலையில், இரு பக்கமும் முழுசாக ஸ்டியரிங் ஒடித்து, டயருக்கும் ஸ்பிரிங், ஆர்ம், பிரேக் ஹோஸ், மட்கார்டு எல்லாவற்றுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். உள்பக்கம் 18 மி.மீ. இருந்து, புது டயர் 10 தின்றால் மிச்சம் 8. வளைவில் டயர் பிதுங்க அது போதுமா என்று யோசிக்க வேண்டும். ஒரே அளவு எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி தோள் பருமன் மாறும். டயரைப் போட்டதும் தோளில் சாக்பீஸ் தடவி, மெதுவாக வளைவில் ஓட்டிப் பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம் உரசும் இடம். லோடு இண்டெக்ஸையும் பாருங்கள். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். கம்பெனி சொன்னதை விடக் குறைந்ததைப் போடக் கூடாது.

சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு.

மாமாவுக்கு உண்மையில் தேவைப்பட்டது அகலம் இல்லை, சேற்றைப் பிடிக்கும் ஆழமான பட்டன். அதே 215/75-இல் அந்த மாதிரி டயர் இருந்தது! கடைசியில் அதைத்தான் வாங்கினோம். நாலு புது டயரும் பாதி விலைக்குக்கூடப் போகவில்லை. மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "விடு மாப்ள, நீ என்ன பண்ணுவ" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நண்பர்களே, அக்கர்மன் ஸ்டியரிங் படத்தை அழகாக வரைந்து மார்க் வாங்கியவன்தான் நான். ஆனால் வீட்டு வாசலில் நின்ற வண்டிக்கு ஒரு டேப்பை எடுத்துப் பிடிக்கத் தோன்றவில்லை. நம் கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் மலையில் ஓடும் வண்டிக்கு என்ன டயர் என்பதை இன்றும் கடைக்காரரின் வாய்தான் முடிவு செய்கிறது. அவர் விற்கத்தான் உட்கார்ந்திருக்கிறார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சொல்ல வேண்டிய ஆள் நாம்.

எனவே நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு முன்னால், மலையடிவாரத்தில் நாம் நிற்போம். கையில் டேப், சாக்பீஸ், காற்று அளக்கும் கேஜ் போதும். மலைக்குப் போகும் வண்டிகளின் டயரை இலவசமாகப் பார்த்துச் சொல்வோம். கலைவிழாச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

யாராவது, "நீ டிப்ளமோ படிக்கிறவன்தானே, சொல்லு" என்று கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அப்புறம் அளந்து பார்த்துச் சொல்லுங்கள். தலையை மட்டும் ஆட்டாதீர்கள்.

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்