பானையில் இடுவதற்கு முன்



நம் சபையின் திடப்படுத்தல் வகுப்பை இவ்வாண்டில் மூன்று முறை மாற்றினேன். ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் நடைபெற்று வந்தது. அந்நேரத்தில் நீட் பயிற்சி இருக்கிறது என்று பெற்றோர் சிலர் கேட்டனர், மாலைக்கு மாற்றினேன். மாலையில் டியூஷன் என்றனர், சனிக்கிழமைக்கு மாற்றினேன். பிறகு தேர்வுகள் வந்தன. ஒரு மாதம் நிறுத்தியே வைத்தேன்.

எவரேனும் பயிற்சி மையத்துக்குச் சென்று, "எங்கள் பிள்ளைக்கு ஆலயத்தில் வகுப்பு உண்டு, நேரத்தை மாற்றித் தாருங்கள்" என்று கேட்டதாக நான் அறியேன். கேட்டுப் பாருங்கள் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

கல்வியை நான் குறை கூறவில்லை. 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஐயர் ஆலயத்தோடு பள்ளியையும் வளர்த்தார். அவருடைய துணைவியார் எலைசா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அத்தகைய பள்ளிகளால் தலைநிமிர்ந்த குடும்பங்களில் என் குடும்பமும் ஒன்று. ஒரு மருத்துவ இடம் ஒரு வீட்டின் கடனையும் கண்ணீரையும் துடைக்கக்கூடும் என்பது எனக்குத் தெரியாததன்று. ஆகவே என் கேள்வி எது பெரிது என்பதன்று. எதை முதலில் எடுத்து வைக்கிறோம் என்பதே.

என் பாட்டியார் சோறு சமைக்கும்போதெல்லாம் உலையில் அரிசியை இடுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலயத்தில் போடுவார். ஞாயிறன்று அது பிடியரிசிக் காணிக்கையாக ஆலயத்துக்குச் செல்லும். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாள்களிலும் பிடி சிறிதாயிற்றே தவிர, நேரம் மாறவில்லை. சமைத்து உண்டபின் மிஞ்சியதைக் கொடுப்போம் என்று அவர் நினைத்திருந்தால் அக்கலயம் ஒருநாளும் நிறைந்திராது.

பெத்தானியாவில் ஒரு ஸ்திரீ ஆண்டவர்மேல் ஊற்றிய நளததைலத்தின் மதிப்பு முந்நூறு பணத்துக்கு அதிகம் என்கிறார் மாற்கு. ஒரு பணம் அக்காலத்தில் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு ஒரே நொடியில் ஊற்றப்பட்டது. அதை வீண்செலவு என்றவன் யூதாஸ் என்று யோவான் எழுதுகிறார். நாமும் அவனைச் சுட்டிக்காட்டி நிம்மதி அடைகிறோம். மத்தேயுவோ, சீஷர்கள் விசனமடைந்ததாக எழுதுகிறார். ஆண்டவரோடு நாள்தோறும் நடந்தவர்களே கணக்குப் பார்த்தார்கள். ஊழியத்தில் இருப்பவன் என்ற முறையில் அவ்வசனத்தை என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை.

ஏனெனில் நானும் ஒரு கணக்குப் பார்த்தேன். திருமண்டலத்துக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் திடப்படுத்தல் பெற்றோரின் எண்ணிக்கையை எழுதவேண்டும். அந்த எண் குறைந்துவிடுமே என்ற அச்சத்தினால்தான் கேட்டபோதெல்லாம் இணங்கினேன். பெற்றோர்மேல் கொண்ட இரக்கம் என்று அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டேன். வகுப்பு எப்போது வேண்டுமானாலும் ஒதுங்கிக்கொள்ளக்கூடியது என்று அப்பிள்ளைகளுக்கு முதலில் கற்பித்தவன் நான்தான். இதற்காகச் சபையாரிடம் மன்னிப்புக் கோருகிறேன்.

வருகிற ஞாயிறு முதல் வகுப்பு பழைய நேரத்திலேயே நடைபெறும். நேரம் ஒத்துவராத பெற்றோர் என்னைச் சந்தியுங்கள். விரும்பினால் பயிற்சி மையத்துக்கு நானும் உங்களுடன் வந்து கேட்கிறேன். இரண்டு பிள்ளைகள் மட்டும் வந்தாலும் அவ்விருவருக்காகப் பாடத்தை ஆயத்தம் செய்து வைத்திருப்பேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்