கிழவர் கேட்ட கேள்வி

சென்ற வாரம் காஞ்சீபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில் மாகறலில் இறங்கினோம். செய்யாற்றங்கரையிலுள்ள இவ்வூர் ஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம். ஸ்வாமி தரிசனம் முடித்துத் திரும்புகையில் ஒரு டீக்கடையில் நின்றோம். பெஞ்சியில் ஐந்து பேர், பத்திரிகையோ ஒன்றுதான். ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக் கொண்டிருந்தார்கள். படிக்கத் தெரியாத கிழவர் ஒருவருக்குச் சிறுவன் ஒருவன் உரக்க வாசித்துக் காட்டினான். ஓரிடத்திலும் அவன் தடுமாறவில்லை. அவ்வளவு எளிய தமிழ்!

இந்தத் தமிழுக்கு ஒரு சரித்திரம் உண்டு. சுதேசமித்திரன் 1899லேயே தினசரியாகிவிட்டது. தினமணி 1934ல் தோன்றியது. தேசத்துக்கு அவை செய்த தொண்டு பெரிது. ஆயினும் எழுத்துக்கூட்டிப் படிப்பவனை முதல் வாசகனாக வைத்துக் கொண்டு வந்தது தினத்தந்திதான். பாரிஸ்டர் சி. பா. ஆதித்தனார் 1942 நவம்பர் 1ந் தேதி மதுரையில் அதை ஆரம்பித்தார். சின்ன வாக்கியம், பெரிய தலைப்பு, பேச்சில் புழங்கும் சொல். பிற்பாடு, 1960 முதல், கன்னித்தீவு சித்திரக் கதை! படித்தவர்கள் முகஞ்சுளித்தார்கள். வீட்டில் வேறு பத்திரிகை வாங்கிவிட்டு, இதைச் சலூனில் மட்டும் ரஸித்த கனவான்களும் உண்டு.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. தென்னாப்பிரிக்காவில் 2003ல் 'சோன்' என்ற ஆப்பிரிக்கான்ஸ் பத்திரிகை தோன்றிற்று. 'சூரியன்' என்று பொருள். கேப் டவுன் பக்கத்து உழைப்பாளிகள் பேசும் கொச்சையிலேயே அது எழுதிற்று. அங்கும் கற்றோர் பழித்தனர், ஜனங்கள் வாங்கினர். தம் பேச்சை அச்சில் காண்பது எந்த ஜனத்துக்கும் கௌரவமல்லவா?

ஆனால் எளிய எழுத்து எளிதில் காயப்படுத்தவும் செய்யும். மாகறலில் சிறுவன் அடுத்தபடியாக ஒரு கொலைச் செய்தியை வாசித்தான். இறந்தவள் ஒரு பெண். அவளுடைய நடத்தையைப் பற்றி யாரோ ஒரு சொல் சொல்ல, பெஞ்சியில் சிரிப்பு எழுந்தது. கிழவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏம்ப்பா, அந்தப் பொண்ணோட ஊரிலும் டீக்கடை இருக்குமில்லே?" என்றார்.

சிரிப்பு நின்றது. சிறுவன் தாளைத் திருப்பினான்.

எழுத்தறியாதவரும் கேட்டு விளங்கிக்கொள்ளும்படி எழுதுவது பெரிய வித்தை. அவர் கேட்ட கேள்வியை எழுதுமுன்பே கேட்டுக்கொள்வது அதனினும் பெரிது. பத்திரிகைக்காரராகிய நமக்கும் சேர்த்தே இதைச் சொல்லுகிறோம்.