நியமனக் கடிதம் அரசாங்கத்துக்கு மட்டும் உரியதா?

2024ஆம் ஆண்டில் இலங்கையின் வேலையின்மை வீதம் 4.4 என்று தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சொல்கிறது. சாய்ந்தமருதுச் சந்தியில் நின்று இதை வாசித்துக் காட்டினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கணக்கில் பிழை இல்லை. கணக்கெடுத்த வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது உழைத்தவர் தொழில் உள்ளவராகவே பதியப்படுகிறார்; குடும்பத் தொழிலில் சம்பளமின்றிக் கைகொடுத்தவரும் அதில் அடக்கம். கல்முனைப் புடவைக் கடையில் துணி விரித்துக் காட்டும் பொடியன், பங்குக்குக் கடலுக்குப் போகிறவர், பட்டம் முடித்துவிட்டு மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்கும் யுவதி, ஓட்டத்துக்குக் காத்துக் கிடக்கும் ஆட்டோக்காரர் எல்லோரும் இந்தக் கணக்கில் தொழில் உள்ளவர்கள்தான். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களின் உண்மையான தொல்லை இங்கேதான் இருக்கிறது. வேலை ஏதோ ஒன்று கிடைக்கிறது. அந்த வேலையை நம்பி ஒரு வீட்டை நடத்தவோ, கலியாணம் பேசவோ, நோய் நொடிக்கு நாலு காசு ஒதுக்கவோ முடிவதில்லை. ஆகவே புதிய வேலைகளைக் கேட்டுக் கொழும்புக்கு மனுக் கொடுப்பதற்கு முன், ஊரில் ஏற்கெனவே இருக்கும் வேலைகளைச் சட்டப்படியான வேலைகளாக ஆக்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

கோழி மேய்த்தாலும் கவர்மெந்தில் மேய்க்க வேண்டும் என்ற பழமொழியைச் சொல்லி இளைஞர்களைக் குறை கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இந்தக் குற்றச்சாட்டுக்கு அரை நூற்றாண்டு வயதாகிறது. 1971இல், ஏப்ரல் கிளர்ச்சி நடந்த அதே ஆண்டில், டட்லி சீயர்ஸ் தலைமையில் இலங்கை வந்த சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் குழு, படித்தவர்களின் எதிர்பார்ப்பும் நாட்டில் இருக்கும் தொழில்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அறிக்கையிட்டது. சான்றிதழைத் துரத்தும் சமூகங்களைப் பற்றி 1976இல் நூல் எழுதிய பிரித்தானியச் சமூகவியலாளர் ரொனால்ட் டோர், அதற்கு இலங்கையை ஓர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். அன்று முதல் இன்று வரை ஆட்சியாளர்கள் கண்ட மருந்து ஒன்றே: தேர்தலை அண்டிப் பட்டதாரிகளைக் கூட்டமாக அரச சேவைக்குள் எடுப்பது. 2020இலும் மாதம் 20,000 ரூபா பயிற்சிக் கொடுப்பனவோடு பல்லாயிரம் பட்டதாரிகள் சேர்க்கப்பட்டார்கள். அந்த நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது? அரச வேலைக்கு நியமனக் கடிதம் இருக்கிறது, சம்பளத் தேதி இருக்கிறது, லீவு இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது. வெளியே கிடைக்கும் வேலையில் இவற்றில் ஒன்றுகூட இல்லாதபோது காத்திருப்பவர் கணக்குத் தெரிந்தவர். அந்தக் கணக்கு மாற வேண்டுமானால் வெளியே கிடைக்கும் வேலை மாற வேண்டும்.

இதற்குப் புதிதாக ஒரு சட்டமும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 10,000 ரூபாவில் தொடங்கிப் பல தடவை திருத்தப்பட்டு, 2026 ஜனவரி 1 முதல் மாதச் சம்பளம் 30,000 ரூபாவுக்கும் நாட்கூலி 1,200 ரூபாவுக்கும் குறையக் கூடாது என்கிறது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்து, அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்கச் சொல்கிறது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். ஒரேயொரு ஊழியரை வைத்திருக்கும் கடைக்கும் சேமலாப நிதி பொருந்தும். இதைச் சம்பளத்தோடு வைத்துப் பார்ப்போம். 30,000 ரூபா சம்பளக்காரரின் பெயரில் மாதம் 6,900 ரூபா இரு நிதிகளிலும் சேர வேண்டும். அதில் முதலாளியின் கையிலிருந்து போவது 4,500 ரூபா. பத்து வருடம் ஒரே கடையில் நின்றவருக்கு, சம்பளம் ஒரு சதமும் ஏறாவிட்டாலும், வட்டியைச் சேர்க்காமலே 8 இலட்சத்து 28 ஆயிரம் ரூபா இருக்கும். நமது கடைத்தெருக்களில் முப்பது வயது தாண்டியும் சேமலாப நிதி இலக்கமே இல்லாத விற்பனையாளர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு வாசகரும் தன் உறவுக்குள்ளேயே எண்ணிப் பார்க்கலாம்.

நோன்புக் காலத்தின் கடைசிப் பத்து நாட்களில் கல்முனை பசாருக்குள் போய்ப் பாருங்கள். காலை ஒன்பதரைக்குக் கடை திறந்தவர்கள், நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழமும் கஞ்சிக் கோப்பையும் கையில் எடுத்த அதே இடத்தில், இரவு பதினொரு மணிக்கும் நின்றுகொண்டிருப்பார்கள். ஒரு பெருநாள் உடுப்பும் கையில் வைக்கும் இரண்டாயிரமோ மூவாயிரமோ அந்த நேரத்துக்கான கூலி என்று எல்லோரும் சம்மதித்துவிட்டோம். அது அன்பளிப்பு. மேலதிக நேரக் கொடுப்பனவு வேறு. அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு உரிமையை அடைத்துவிட்டதாக நினைப்பதுதான் நமது வியாபாரப் பண்பாட்டின் பெரிய ஓட்டை. தொழிலாளியின் கூலியைத் தாமதியாமல் கொடுக்க வேண்டும் என்ற நபிமொழியை மிம்பரில் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் கேட்டிருக்கிறோம். தாமதம் பற்றியே அவ்வளவு கண்டிப்பு என்றால், கொடுக்காமலே விடுவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வர்த்தகர்கள் இதற்குச் சொல்லும் மறுப்பு நியாயமற்றதல்ல. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது; அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. வாங்குபவரின் கை அன்று இறுகியது. இன்னும் முழுதாகத் தளரவில்லை. கடை வாடகை, மின்சாரம், வங்கிக் கடன் எல்லாம் கழுத்தை நெரிக்கும்போது சம்பளத்தையும் ஏற்றினால் ஆளைக் குறைக்க வேண்டி வரும் என்கிறார்கள். இதே அச்சம் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் 1992இல் குறைந்தபட்ச ஊதியம் மணித்தியாலத்துக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக உயர்ந்தபோதும் எழுந்தது. துரித உணவுக் கடைகளை அயல் மாநிலத்துக் கடைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்த டேவிட் கார்ட், அலன் குரூகர் இருவரும் அங்கே வேலைகள் குறைந்ததற்குச் சான்று காணவில்லை. அமெரிக்காவும் கல்முனையும் ஒன்றல்ல; தள்ளாடும் ஒரு சில்லறைக் கடைக்கு 4,500 ரூபாவும் பாரம்தான். ஆனால் இரண்டு மூன்று மாடி எழுப்பிக் குளிரூட்டி பூட்டிய கடைகள் அந்தச் சில்லறைக் கடையின் கஷ்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. இன்றைய நிலையில் சட்டப்படி சம்பளம் கொடுக்கும் வியாபாரியே தண்டிக்கப்படுகிறார். பக்கத்துக் கடைக்காரர் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து விலையைக் குறைத்து வாடிக்கையாளரை இழுத்துக்கொள்கிறார். சட்டம் எல்லோர் மீதும் ஒரே விதமாக விழுந்தால் இந்த அநியாயம் முடியும். பசாரில் பொருள் வாங்குவதும் பெரும்பாலும் பசாரில் சம்பளம் வாங்குபவரின் வீட்டார்தான் என்பதையும் வர்த்தகர்கள் மறக்கலாகாது.

அடுத்த மறுப்பு, ஊர்ப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது என்பது. மேசன் வேலைக்கு ஆளில்லை, படகுக்கு ஆளில்லை, அரிசி ஆலைக்கு ஆளில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அதே பிள்ளை தோஹாவில் களஞ்சியசாலையில் பெட்டி சுமக்கிறான், ரியாத்தில் வெயிலில் வாகனம் ஓட்டுகிறான். 2022இல் வேலைக்காக நாட்டை விட்டுப் போனவர்கள் மூன்று இலட்சத்தைத் தாண்டினார்கள். 2024இல் வெளிநாட்டு உழைப்பாளர்கள் அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கு மேல். உடம்பு வளையாத சமுதாயம் இதைச் சம்பாதித்திருக்க முடியாது. கட்டார் 2021 மார்ச்சிலிருந்து எந்த நாட்டவருக்கும் 1,000 ரியால் அடிப்படைச் சம்பளம் கட்டாயம் என்று ஆக்கியது. உணவும் உறைவிடமும் கொடுக்காத முதலாளி 300 ரியாலும் 500 ரியாலும் மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். சம்பளம் வங்கி வழியாகப் போக வேண்டும் என்பதும் அங்கே சட்டம். வளைகுடாவில் எல்லாம் ஒழுங்கு என்று நாம் சொல்லவில்லை. ஏமாந்து திரும்பியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். ஆனாலும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் வங்கியில் விழும் சம்பளமும் பாலைவனத்தில் கிடைக்கும், பிறந்த மண்ணில் கிடைக்காது என்றால், பொடியன்கள் விமானம் ஏறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பெரிய தொழிற்சாலை வந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்களும் உண்டு. தொழிற்சாலை வரட்டும், வேண்டாம் என்பார் இல்லை. ஆனால் ஒலுவிலைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவு என்று சொல்லப்பட்ட துறைமுகம், டென்மார்க்கின் நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013 செப்டம்பரில் திறந்து வைக்கப்பட்டது. வாயில் மணல் மூடியது, வடக்கே கரை அரித்தது, வணிகக் கப்பல் போக்குவரத்து நடக்கவில்லை. வேலை கிடைக்கும் என்று காத்திருந்த ஊர்களுக்கு மிஞ்சியது தென்னந்தோப்பை இழந்த கரையும் படகுகளின் அவதியும். 1995இல் தொடங்கி, இன்று அதே ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் பட்டதாரிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. துறைமுகம் தரத் தவறிய வேலையை எதிர்பார்த்து அவர்கள் எத்தனை காலம் இருப்பார்கள்? நாளை ஒரு தொழிற்சாலையே வந்தாலும், எழுத்தில்லாத வேலையும் கை நீட்டி வாங்கும் சம்பளமும் ஊர் வழக்கமாக இருந்தால், அதுவும் அந்த வழக்கத்துக்கே இறங்கி வரும்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். நாட்டில் உழைக்கும் வயதுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்சந்தையில் இருக்கிறார்கள். உயர்தரமும் அதற்கு மேலும் படித்த பெண்களிடையே வேலையின்மை மிகக் கூடுதல். இந்த ஊர்களில் பெண்ணைக் கடைக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளைப் பழைமைவாதம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாம். ஆனால் நேர எல்லை இல்லாத, பாதுகாப்பு உத்தரவாதம் இல்லாத, கடிதமும் இல்லாத வேலைக்குத் தன் மகளை அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆசிரியை வேலை என்றால் வாசலில் வந்து மாப்பிள்ளை கேட்கும் அதே சமூகம்தான் இது. முன்பள்ளி ஆசிரியைகளின் கொடுப்பனவு எவ்வளவு சொற்பம் என்பதும், வீட்டில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவருக்கு ஒரு சட்டைக்கு என்ன கூலி கிடைக்கிறது என்பதும் ஊரறிந்த இரகசியம். ஒழுங்கான நேரமும் ஒழுங்கான சம்பளமும் உள்ள வேலைகளாக இவை மாறினால் வீட்டுக் கதவுகள் தாமாகத் திறக்கும்.

கடைசியாக ஒரு மறுப்பு. வெளியே சொல்லப்படாவிட்டாலும் மற்றவற்றைவிட வலிமையானது. கடையில் நிற்பவன் மச்சானின் மகன், அல்லது பள்ளி மஹல்லாவில் தெரிந்தவரின் பிள்ளை. சொந்தத்துக்குள் கடிதம் எதற்கு, நாளைக்கு அவனுக்கும் ஒரு கடை போட்டுக் கொடுப்போம் என்பது பேச்சு. இப்படிக் கைதூக்கிவிடப்பட்டு முதலாளிகளானவர்கள் உண்மையில் இருக்கிறார்கள். அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்குக் கடை வாய்த்தால், பலர் நாற்பது வயதில் முதுகுவலியோடும் வெறுங்கையோடும் நிற்கிறார்கள். கடனைக் கொடுத்தால் எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர்கள் சம்பளத்தை எழுதத் தயங்குவது ஏன்? எழுதுவதால் உறவு முறிவதில்லை. எழுதாமல் விட்டு, பிரியும்போது கணக்குப் பேசும்போதே முறிகிறது.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. தொழில் திணைக்களம் முறைப்பாடு வரும் வரை காத்திராமல், தமிழில் பேசும் அலுவலர்களோடு இந்தக் கடைத்தெருக்களில் இறங்கி, முதலில் பெரிய கடைகளையும் பின்னர் சிறியவற்றையும் பரிசோதிக்க வேண்டும். வியாபார அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது சேமலாப நிதி இலக்கத்தைக் காட்டும் வழக்கத்தை மாநகர சபை தொடங்க வேண்டும். வர்த்தகர் சங்கங்கள் ஒரு பக்கத்தில் அடங்கும் பொதுவான நியமனக் கடித மாதிரியை அச்சிட்டு அங்கத்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அரசாங்கம் தேர்தல் காலக் கூட்ட நியமனங்களைக் கைவிட்டு, உண்மையான வெற்றிடங்களுக்கு ஆண்டுதோறும் குறித்த காலத்தில் போட்டிப் பரீட்சை நடத்தினால், வராத நியமனத்துக்காக இளமையைக் கழிக்கும் நிலை ஒழியும்.

இவை நடக்குமா என்று கேட்பவர்கள் சாய்ந்தமருதின் அண்மைய வரலாற்றை நினைத்துப் பார்க்கட்டும். தனி உள்ளூராட்சி சபை கேட்டு இந்த ஊர் கடையடைத்தது, வீதியில் இறங்கியது. 2018 தேர்தலில் பள்ளிவாசலின் ஆதரவோடு தோடம்பழச் சின்னத்தில் சுயேச்சைக் குழுவை நிறுத்திக் கட்சிகளைத் திகைக்க வைத்தது. 2020 பெப்ரவரியில் நகர சபைக்கான வர்த்தமானி வெளிவந்து சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது கொழும்பின் கையில் இருந்த விடயம். கடையில் நிற்கும் பிள்ளைக்குக் கடிதம் கொடுப்பதோ, மாத முடிவில் சேமலாப நிதியைக் கட்டுவதோ கொழும்பின் கையில் இல்லை. கடையடைப்புக்குப் பள்ளிவாசலும் வர்த்தகர்களும் ஒரே நாளில் ஒன்றுபட முடிந்தது. சம்பளத்துக்கும் அவ்வாறே ஒன்றுபடலாம். வரும் நோன்புப் பெருநாளுக்கு முன்னரே அதைத் தொடங்கலாம்.