முதல் மாண்டலின்: விலை குறைஞ்சது வாங்கினா செலவு கூடும்!



போன வாரம் எங்க ஆபீஸ்ல ஒரு ஜூனியர் தயங்கித் தயங்கி வந்து நின்னான். "சார், மாண்டலின் கத்துக்கணும்னு ஆசை. 15,000 ரூபாய் சேர்த்து வச்சிருக்கேன். வாங்கலாமா, இல்ல ஃபண்ட்ல போட்டுடவா?"

கால்குலேட்டரைத் தட்டினா பதில் ரெடி. 15,000 ரூபாய் ஆண்டுக்கு 12% வளர்ந்தா 20 வருஷத்துல சுமார் 1.45 லட்சம். (12% கிடைக்கும்னு யாரும் எழுதித் தரமாட்டாங்க, அது வேற விஷயம்.) ஆனா நான் அவனை வாங்கத்தான் சொன்னேன். எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கு, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இருக்கு, கிரெடிட் கார்டு பாக்கி இல்லை. அப்புறம் எதுக்கு சம்பாதிக்கிறோம்?

அவன்கிட்ட நான் வேண்டாம்னு சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "6,000 ரூபாய்க்கு ஆன்லைன்ல ஒண்ணு பார்த்தேன் சார், அதையே வாங்கிடவா?"

நான் கட்டிய ஃபீஸ்

அந்தத் தப்பை நான் ஏற்கெனவே பண்ணியிருக்கேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, படத்துல பளபளன்னு தெரிஞ்ச ஒரு மாண்டலினை 6,500 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன். வந்ததுல கம்பி எல்லாம் ஃப்ரெட்டுக்கு ரொம்ப மேலே நின்னது. அழுத்தினா விரல் நுனி எரியும், அழுத்தலைன்னா ஸ்வரம் வராது. நமக்கு சங்கீதம் வராதுன்னு முடிவு கட்டி மூணே வாரத்துல பரண்ல ஏத்திட்டேன். மொத்தம் ஒரு பத்து மணி நேரம் வாசிச்சிருப்பேன். அதாவது மணிக்கு 650 ரூபாய்!

இப்போ 15,000 கணக்கைப் பாருங்க. தினம் அரை மணி நேரம், வாரம் அஞ்சு நாள்னா வருஷத்துக்கு 130 மணி நேரம். மூணு வருஷம் வாசிச்சா 390 மணி நேரம். மணிக்கு 38 ரூபாய்தான் ஆகுது. ஒரு பொருள் எவ்வளவு பயன்படுதோ, அதை வச்சுத்தான் அது மலிவா இல்லையான்னு சொல்ல முடியும். பில்லுல இருக்கற தொகையை வச்சு சொல்ல முடியாது.

எதுக்குக் காசு, எதுக்கு வேண்டாம்

கடையில ரெண்டு வடிவம் அதிகம் பார்ப்பீங்க. தண்ணித்துளி மாதிரி இருக்கறது ஏ-ஸ்டைல். தோள்ல சுருள் வச்சது எஃப்-ஸ்டைல். அந்தச் சுருளைச் செதுக்கற வேலைக்குத்தான் கூடுதல் விலை, சத்தம் அதனால கூடறதில்லை. அதனால அதே பட்ஜெட்ல ஏ-ஸ்டைல் வாங்கினா பெரும்பாலும் நல்ல கருவியே கிடைக்கும்.

மேல்பலகை முழு மரமா, பிளைவுட் மாதிரி ஒட்டினதான்னு கேளுங்க. முழு மரம்னா நல்லது, ஆனா இந்த பட்ஜெட்ல அது கிடைக்கலைன்னா கவலை வேண்டாம். அதைவிட செட்டப் முக்கியம். 12-வது ஃப்ரெட்ல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஒண்ணரை மில்லிமீட்டர் போல இடைவெளி இருந்தா போதும். ரெண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கி வச்சாலும் தாராளமா உள்ளே போகுதுன்னா, கடைக்காரர்கிட்ட பிரிட்ஜை இறக்கித் தரச் சொல்லுங்க. முடியாதுன்னா அடுத்த கடை.

இன்னொரு சோதனை: போன்ல இலவச டியூனர் ஆப் போதும். கம்பியைச் சும்மா மீட்டுங்க, அப்புறம் 12-வது ஃப்ரெட்ல அழுத்தி மீட்டுங்க. ரெண்டுலயும் அதே ஸ்வரம், ஒரு ஸ்தாயி மேலே வரணும். வரலைன்னா பிரிட்ஜ் நகர்ந்திருக்கலாம். அது ஒட்டாம கம்பி அழுத்தத்துலயே நிக்கற பாகம், சரி பண்ணிடலாம். சரி பண்ணின பிறகு பணம் கொடுங்க.

முதல்ல குரு, அப்புறம் கருவி

ஷாருக்கான் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே'ல மீட்டற மாதிரி சினிமாப் பாட்டு வாசிக்கணுமா? சாதாரண அக்கூஸ்டிக் மாண்டலின் போதும். நாலு ஜோடியா எட்டுக் கம்பி இருக்கும். சுருதி அமைப்பு வயலின் மாதிரியேதான்.

ஆனா மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ் மாதிரி கர்நாடக சங்கீதம்னா கதை வேற. அவர் வாசிச்சது ஒற்றைக் கம்பிகள் அஞ்சு வச்ச எலெக்ட்ரிக் மாண்டலின். ஜோடிக் கம்பியை இழுத்து கமகம் கொண்டுவரது கஷ்டம். அதனால எது கத்துக்கப் போறீங்க, யார்கிட்டன்னு முடிவு பண்ணி, அவங்களைக் கேட்டுட்டு வாங்குங்க. இல்லைன்னா ரெண்டு தடவை வாங்க வேண்டியிருக்கும்.

என் பட்ஜெட்

அந்தப் பையனுக்கு நான் பிரிச்சுக் கொடுத்தது இதுதான்:

• கருவி: 10,000
• செட்டப்: 1,500
• உறை, உபரிக் கம்பி, பிக்: 1,000
• கிளாஸ் ஃபீஸுக்கு எடுத்து வைக்க: 2,500

மொத்தப் பணத்தையும் கருவியில போட்டுட்டு, கத்துக்கக் காசில்லாம நிக்கறதுதான் நிறைய பேர் பண்ற தப்பு.

'நோ காஸ்ட்' இ.எம்.ஐ.? 18,000 ரூபாய் மாடலை ஆறு மாசத் தவணையில காட்டுவாங்க. வட்டியைத் தள்ளுபடியா கழிப்பாங்க, ஆனா அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. நம்ம தலையிலதான். பிராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கும் ஜி.எஸ்.டி. வட்டி 15%னு வச்சா மொத்தம் சுமார் 370 ரூபாய் எக்ஸ்ட்ரா. தொகை சின்னதுதான். ஆனா பெரிய நஷ்டம், 15,000 பட்ஜெட் சத்தமில்லாம 18,000 ஆகறது.

கையில காசில்லைன்னா மாசம் 2,500 ஆர்.டி. போடுங்க. ஆறு மாசத்துல 15,000 வந்துடும். அப்பவும் ஆசை அப்படியே இருந்தா தைரியமா வாங்குங்க. போயிருந்தா, பணமாவது மிச்சம்.

எங்க பையன் ஏ-ஸ்டைல் வாங்கிட்டான். என்னோட பழைய மாண்டலினையும் பரண்ல இருந்து இறக்கி ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன். அதோட மணிக்கணக்கு 650ல இருந்து இறங்கணும் இல்லையா?